நாலுக்கு ஒன்று

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியத் தோழர்களுக்கு,

இதே வகுப்புகளில் 31 ஆண்டுகள் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவள் நான். பணியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு குறுவள மையக் கூட்டத்துக்கும் இதைப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். பதிவேடுகளைப் பற்றிப் பேசியே மாலை ஆகிவிடும். இப்போது நேரம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் சமன்பாட்டைத் தீர்த்துவிடுகிறார்கள். 3க + 7 = 22 என்று எழுதிப் போட்டால், 7-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய், 15-ஐ 3-ஆல் வகுத்து, க = 5 என்று அடிக்கோடு போட்டு நிறுத்துவார்கள். ஆனால் இரண்டு அளவுகளைக் கொடுத்து, “இவை இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக எழுது” என்று சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. இல்லையென்றால் தலைகீழாக எழுதுகிறது. “தமிழே ஒழுங்காக வாசிக்கத் தெரியவில்லை, வார்த்தைக் கணக்கு எப்படி வரும்?” என்று ஆசிரியர் அறையில் நாம் சலித்துக்கொள்வோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தவள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

அன்று கரும்பலகையில் இப்படி எழுதினேன்: “இட்லி மாவுக்கு 4 ஆழாக்கு அரிசிக்கு 1 ஆழாக்கு உளுந்து. அரிசி அ, உளுந்து உ. இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுதுக.” வீட்டில் தினமும் காதில் விழும் கணக்கு, சுலபமாக இருக்கும் என்று நம்பினேன். நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தால், முக்கால்வாசிப் பிள்ளைகள் எழுதியிருந்தது 4அ = உ.

“சரி, இன்னைக்கு வீட்ல 2 ஆழாக்கு அரிசிதான் இருக்கு. உளுந்து எவ்வளவு போடணும்? நீங்க எழுதினதிலேயே வெச்சுப் பாருங்க” என்றேன். நாலிரண்டு எட்டு என்று ஒரு முணுமுணுப்பு. இரண்டாம் வரிசையில் இருந்தவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். அவள் அம்மா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். “ரெண்டு ஆழாக்கு அரிசிக்கு எட்டு ஆழாக்கு உளுந்தா? அதுல வடைதான் டீச்சர் சுடலாம்!” வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எழுதியதை அழிக்கவும் இல்லை. அதற்குக் கீழே “அரை ஆழாக்கு” என்று எழுதினாள். அதற்குக் கீழே அ = 4உ. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஆனா டீச்சர், நாலு அரிசிக்குத்தானே? அப்போ 4 அரிசி பக்கத்துலதானே இருக்கணும்?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. “வெச்சுப் பார்த்தா சரியா வருதுல்ல, அதான்” என்று சொல்லிக் கடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஒப்பவில்லை.

அவள் எழுதிய 4அ = உ என்பதை அவள் கண்ணால் பாருங்கள். அவளுக்கு அ என்றால் அரிசி. 4அ என்றால் நாலு ஆழாக்கு அரிசி. சமன் குறி என்றால் “இதற்கு இது”. உ என்றால் ஓர் ஆழாக்கு உளுந்து. நாலு அரிசியை ஒரு பக்கமும் ஒரு உளுந்தை மறுபக்கமும் வைத்து ஒரு படம் வரைந்திருக்கிறாள். படமாகப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. நாம் எதிர்பார்த்ததோ எண்களைப் பற்றிய ஒரு வாக்கியம்: அரிசியின் அளவைக் காட்டும் எண், உளுந்தின் அளவைக் காட்டும் எண்ணைப்போல் நாலு மடங்கு. இந்த வேறுபாட்டை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதுமட்டுமா, “அரிசி அ, உளுந்து உ” என்று கரும்பலகையில் எழுதி அவளைப் படத்தின் பக்கம் தள்ளிவிட்டவளும் நான்தான்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் பிழை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஜான் கிளமென்ட், ஜாக் லாக்ஹெட், ஜார்ஜ் மங்க் ஆகிய மூவர் 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரிடம், ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப்போல் 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுங்கள் என்று கொடுத்திருக்கிறார்கள். 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு நம் இட்லி மாவுத் தவறேதான்: ஆறை மாணவர் பக்கம் ஒட்டிவிட்டார்கள். பொறியியல் படிக்க வந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மொழியறிவைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

தமிழில் இந்தப் பிழைக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. அது நம் நான்காம் வேற்றுமை. “நாலு அரிசிக்கு ஒரு உளுந்து”, “ஒரு மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூலி”, “35 மாணவருக்கு ஓர் ஆசிரியர்” என்று விகிதங்களையெல்லாம் “கு” உருபை வைத்தே பேசுகிறோம். அழகான, சிக்கனமான பேச்சு. ஆனால் அது இரண்டு பொருள்களை எதிரெதிரே உட்காரவைக்கிற பேச்சு. பிள்ளை அந்த “க்கு” இருந்த இடத்தில் சமன் குறியைப் போட்டுவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. சரியாக அந்த விகிதத்தில் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு, மாணவர் ம, ஆசிரியர் ஆ என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். 35ம = ஆ என்று வரும். அதை அப்படியே நம்பினால் 10 மாணவருக்கு 350 ஆசிரியர்கள் வேண்டும்.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. “க்கு” வாக்கியத்தை “போல் மடங்கு” வாக்கியமாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். “மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கையைப்போல் 35 மடங்கு.” இதை இடமிருந்து வலமாக அப்படியே எழுதினால் ம = ஆ × 35. “அக்கா வயது, தம்பி வயதைவிட 3 அதிகம்” என்பதும் அப்படியே வரிசையாக இறங்கிவிடும்: அ = த + 3. எல்லாக் கணக்கும் இப்படி வளைந்து கொடுக்காது என்பது தெரியும். ஆனாலும் ஆறாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம், வாய்மொழியாக இந்த மாற்றத்தை மட்டும் பழக்கினால் போதும். எழுதவே வேண்டாம், சொல்லட்டும். “எண்ணிக்கை”, “அளவு”, “விலை”, “வயது” என்ற சொல் வாக்கியத்தில் கட்டாயம் வர வேண்டும். “மாணவர், ஆசிரியரைப்போல் 35 மடங்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால் நிறுத்தி, “மாணவரோட எது?” என்று கேளுங்கள்.

அலகுகளிலும் இதே சிக்கல் உண்டு. 1 மீ = 100 செ.மீ என்று தொடக்கப் பள்ளியிலிருந்தே நாம் மனப்பாடம் செய்விக்கிறோம். அங்கே “மீ” என்பது மீட்டர் என்ற அலகின் சுருக்கம். ஏழாம் வகுப்பில் மீட்டர் எண்ணிக்கையை ம என்றும் சென்டிமீட்டர் எண்ணிக்கையைச் ச என்றும் எடுத்துக்கொண்டால் ச = 100ம என்று வருகிறது. நூறு இடம் மாறிவிட்டது! இது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை நாம் நின்று பார்ப்பதே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முதலாவது அளவுகோலைப் பற்றிய செய்தி, இரண்டாவது எண்களைப் பற்றிய செய்தி என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம். அந்தப் பாடவேளை வீண்போகாது.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிற சிக்கலுக்கு வருகிறேன். சந்தைக்குப் போவோம்.

தக்காளி கிலோ 30 ரூபாய், வெங்காயம் கிலோ 40 ரூபாய். இரண்டும் சேர்த்து 290 ரூபாய்க்கு வாங்கினேன். எத்தனை கிலோ என்பதற்குத் த, வெ என்று எழுத்துகள் எடுத்தால் 30த + 40வெ = 290. ஒரு பிள்ளையை எழுப்பி இதை வாசிக்கச் சொல்லுங்கள். “முப்பது தக்காளியும் நாற்பது வெங்காயமும் 290 ரூபாய்” என்று வாசிக்கும். அது தவறு என்று சுலபமாகத் தெரிந்துவிடும், திருத்தியும் விடலாம். மறுநாள் கணக்கைப் புரட்டிப் போடுங்கள்: 3 கிலோ தக்காளியும் 5 கிலோ வெங்காயமும் 290 ரூபாய், கிலோ விலை என்ன? இப்போது 3த + 5வெ = 290. இங்கே த என்பது ஒரு கிலோவின் விலை, ரூபாயில். நேற்று கிலோக்களை எண்ணிய அதே எழுத்து இன்று ரூபாயை எண்ணுகிறது. பிள்ளையோ இதையும் “மூணு தக்காளி, அஞ்சு வெங்காயம், 290 ரூபாய்” என்றுதான் வாசிக்கிறது. ஆனால் சமன்பாடு சரியாக விழுந்துவிட்டது. நாமும் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

பாடநூலில் வரும் கணக்குகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. பேனா, பென்சில், நாற்காலி, மேசை எல்லாம் இப்படித்தான் வரும். எழுத்தைப் பொருளாக நினைக்கும் பிள்ளைக்கு அங்கே சரியான விடை கிடைத்துக்கொண்டே இருக்கிறது. தவறான எண்ணம் இரண்டு ஆண்டுகள் முழு மதிப்பெண் வாங்கி வளர்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிச் சமன்பாடுகள் வந்து, வரைபடத்தில் த ஓர் அச்சாகவும் வெ ஓர் அச்சாகவும் நிற்கும்போது எல்லாம் சரிகிறது. தக்காளியை எப்படி அச்சில் வைப்பது? அப்போது உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் நம்மை நொந்துகொள்வார். அவர் நொந்துகொள்வதில் நியாயம் உண்டு. ஆகவே முதல் வகைக் கணக்கை நீங்களே உருவாக்கி, இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுங்கள். கடையும் காய்கறியும் மொத்த ரூபாயும் மாறாமல் இருக்கட்டும், எழுத்தின் பொருள் மட்டும் மாறட்டும்.

இங்கிலாந்தில் 1970-களில் டீட்மர் கூக்மன் என்பவர் 13 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இதே மாதிரிக் கேள்வி ஒன்றைக் கேட்டார். நீலப் பென்சில் 5 பென்ஸ், சிவப்புப் பென்சில் 6 பென்ஸ், வாங்கியது மொத்தம் 90 பென்ஸுக்கு. வாங்கிய நீலப் பென்சில்களின் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து, சிவப்புக்கு ஓர் எழுத்து. இவற்றைப் பற்றி என்ன எழுதலாம்? “நீலம் + சிவப்பு = 90” என்று எழுதிய பிள்ளைகள் ஏராளம். “நீலமும் சிவப்பும் சேர்ந்து 90 பென்ஸ்” என்ற பேச்சுக்குச் சுருக்கெழுத்து அது. எழுத்து அங்கே பென்சிலாகவே கிடந்தது, எண்ணாக மாறவில்லை.

நிறம் என்றதும் நம் நாட்டுப் பழைய கணக்காளர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வரும்போது அவற்றுக்கு “வர்ணம்” என்று பெயர். 1150-ஐ ஒட்டி எழுதப்பட்ட இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதத்தில் முதல் தெரியாத எண் “யாவத்தாவத்”, அதாவது எவ்வளவோ அவ்வளவு. அடுத்தவை காலகம், நீலகம், பீதகம், லோகிதகம்: கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது முதல் அசை மட்டும்: யா, கா, நீ, பீ, லோ. கணக்கு குதிரையைப் பற்றியதாக இருந்தாலும், எண்ணின் பெயர் பெரும்பாலும் நிறத்தின் பெயராகவே இருக்கும். பெயருக்கும் பொருளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. “நீ” என்று எழுதிவிட்டு அதைக் குதிரை என்று யாரும் மயங்க முடியாது.

இதைப் படித்த பிறகுதான் பொருளின் முதலெழுத்தை மாறியாக எடுக்கும் வழக்கத்தை நான் விட்டேன். அரிசிக்கு அ, தக்காளிக்குத் த என்பது நினைவில் வைக்க வசதிதான். அந்த வசதியே குழியாகிவிடுகிறது. என் கடைசி ஆண்டுகளில் அரிசியின் அளவு க, உளுந்தின் அளவு ச என்றுதான் எடுத்தோம். எக்ஸ், ஒய் என்றாலும் எனக்குச் சம்மதமே. இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், முதலெழுத்து இல்லாவிட்டால் பிள்ளைகள் எது எது என்று மறந்துவிடுவார்கள் என்கிறார்கள். மறந்தால் மேலே திரும்பிப் பார்க்கட்டும். அதற்காகத்தான் சமன்பாட்டுக்கு மேலே ஒரு வரி எழுதவைத்தேன்: “க = ஊறப்போட்ட அரிசியின் அளவு, ஆழாக்கில்.” இந்த வரி இல்லாத விடைக்கு, சமன்பாடு சரியாகவே இருந்தாலும், பாதி மதிப்பெண்தான். முதல் மாதம் அழுதார்கள். பிறகு கேட்காமலே எழுதினார்கள்.

அந்த 290 ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வாங்கிய தக்காளியின் அளவு க, வெங்காயத்தின் அளவு ச, இரண்டும் கிலோவில் என்று வைத்து, 30 × க + 40 × ச = 290 என்று எழுதி முடித்ததும் பிள்ளைகள் கேட்பார்கள்: “விடை என்ன டீச்சர்?” ஒரே சமன்பாடு, இரண்டு எழுத்து, எப்படித் தீர்ப்பது என்று நாமே தயங்கி, இதை மேல் வகுப்புக்கு ஒத்திவைக்கிறோம். ஒத்திவைக்க வேண்டாம். தேடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு குழு 3 கிலோ தக்காளி, 5 கிலோ வெங்காயம் என்றது. இன்னொரு குழு 7 கிலோ, 2 கிலோ என்றது. யார் சரி என்று சண்டை. இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள், இரண்டும் சரி. “அரைக் கிலோவும் வாங்கலாமா?” என்று ஒரு பையன் கேட்டான். வாங்கலாம் என்றதும் பட்டியல் நீண்டது: தக்காளி 1, 3, 5, 7, 9 கிலோ. அதற்கு எதிரே வெங்காயம் ஆறரை, 5, மூன்றரை, 2, அரை. பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், “இது ரெண்டு ஏறினா அது ஒன்றரை இறங்குது” என்றான். ஏன்? சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: “ரெண்டு கிலோ தக்காளியும் அறுபது ரூபா, ஒன்றரை கிலோ வெங்காயமும் அறுபது ரூபா!”

சாய்வு என்ற சொல்லை அந்தப் பிள்ளைகள் இன்னும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மாறி என்றால் மாறுவது என்று அன்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். 3க + 7 = 22-இல் க எங்கே மாறுகிறது? அது 5-தான், திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அவ்வளவே. ஒரே எழுத்துள்ள சமன்பாடுகளை மட்டுமே கொடுத்துவிட்டு அதற்கு “மாறி” என்று பெயர் வைத்தால் பிள்ளைக்குப் பெயரும் புரியாது, பொருளும் புரியாது. இரண்டு மூன்று எழுத்துள்ள சமன்பாடுகளை எழுதுவது ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும், தீர்ப்பது ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்கலாம் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். எழுதுவதற்குத் தீர்க்கத் தெரிய வேண்டியதில்லை. கோலத்தில் வரிசை எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனை, மொத்தப் புள்ளி எத்தனை என்பதற்கு முறையே க, ச, ப என்று மூன்று எழுத்து வைத்து, ப = க × ச என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடும். செவ்வகத்தின் சுற்றளவை ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சூத்திரம் என்று சொல்லித் தனியே எடுத்துவைத்துவிட்டோம், அதுவும் பல மாறிச் சமன்பாடுதான் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று தெரியாத எண்கள் என்றதும் மிரள வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சீனத்து “ஒன்பது இயல்கள்” என்ற கணக்கு நூலில், முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என மூன்று வகைத் தானியக் கட்டுகள் வருகின்றன. அவற்றில் முறையே 3, 2, 1 கட்டு அடித்தால் 39 படி தானியம், 2, 3, 1 கட்டு அடித்தால் 34 படி, 1, 2, 3 கட்டு அடித்தால் 26 படி. கட்டுக்கு எத்தனை படி? (அவர்கள் அளவின் பெயர் வேறு, நான் படி என்கிறேன்.) மாறிக்கு அவர்கள் எழுத்தே வைக்கவில்லை. எண்ணும் குச்சிகளைப் பலகையில் நெடுவரிசையாக அடுக்கினார்கள், எந்த இடத்தில் குச்சி இருக்கிறதோ அந்த இடமே மாறி. எட்டாம் வகுப்பில் இதைக் கொடுத்து மூன்று சமன்பாடுகளையும் எழுதச் சொன்னேன், தீர்க்கச் சொல்லவில்லை. விடையை நானே கொடுத்தேன்: ஒன்பதேகால், நாலேகால், இரண்டேமுக்கால். “இது சரியா என்று நீங்கள் எழுதிய மூன்றிலும் வைத்துப் பாருங்கள்” என்றேன். பிழையாக எழுதியவர்கள் தங்கள் பிழையைத் தாங்களே பிடித்தார்கள். நான் சிவப்பு மையைத் தொடவே இல்லை.

வைத்துப் பார்ப்பது என்ற இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும். எழுதிய சமன்பாட்டில் ஓர் எண்ணைப் போட்டு, வீட்டில், கடையில், வயலில் அப்படி நடக்குமா என்று கேட்பது. எட்டு ஆழாக்கு உளுந்தை அந்தப் பெண் பிடித்தது அப்படித்தான். அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது, சமன்பாடு என்பது அந்தக் கணக்கைத்தான் பேசுகிறது என்று நாம் சொல்லாமல் விட்டிருந்தோம்.

எதிர்த்திசையிலும் ஒரு பயிற்சி உண்டு, என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. சமன்பாட்டைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்வது. க = 5ச + 20 என்று கொடுத்தேன். வாடகைச் சைக்கிள், திருவிழா ராட்டினம் என்று பலவும் வந்தன. ஒரு பையன் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: “க = அப்பா கொண்டுவரும் கூலி, ரூபாயில். ச = அப்பா இறக்கும் மூட்டைகளின் எண்ணிக்கை. ஒரு மூட்டைக்கு 5 ரூபாய். 20 ரூபாய் டீக்காசு, மூட்டை வராவிட்டாலும் தருவார்கள்.” ச பூச்சியமானால் க என்ன என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டான். இயற்கணிதத்தில் அதைவிடத் தெளிவான விடைத்தாளை என் பணிக்காலத்தில் நான் திருத்தியதில்லை.

பாடத்திட்டம் முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது, பயிற்சிகள் இருக்கின்றன, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நான் கூடுதல் பாடம் எதுவும் கேட்கவில்லை. நடத்துகிற அதே பாடத்தில், “தக்காளி த” என்று எழுதும் இடத்தில் “க = வாங்கிய தக்காளியின் அளவு, கிலோவில்” என்று எழுதுங்கள். வீட்டுப்பாடத்தில் ஐந்து சமன்பாடு தீர்ப்பதற்குப் பதில் மூன்று தீர்த்து ஒன்று எழுதட்டும். நேரத்தில் எனக்குத் தெரிந்து வேறு மாற்றம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையில் இட்லி மாவுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். விளக்க வேண்டாம், உதவ வேண்டாம், பிள்ளைகள் எழுதட்டும். 4-ஐ அரிசிக்குப் பக்கத்தில் எழுதிய பிள்ளையிடம் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். “ரெண்டு ஆழாக்கு அரிசிதான் இருக்கு, உளுந்து எவ்வளவு போடணும்?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு அந்தப் பிள்ளை பேசும் வரை காத்திருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி